கடலடிக் கவசப் பாறைகளில் குரோமைட் தாது எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்கட் நகரையும் மத்ரா துறைமுகத்தையும் சூழ்ந்து நிற்கும் கரும்பழுப்பு மலைகளை அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். புல் பூண்டு அதிகம் இல்லாத அந்த மலைகள் ஒரு காலத்தில் கடல்தரைக்கும் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை. பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசத்தின் ஒரு துண்டு, கடலை விட்டு மேலேறி வெயிலில் கிடக்கிறது. இப்படிப்பட்ட பாறைகளுக்குள்தான் குரோமைட் தாது பொதி பொதியாக ஒளிந்திருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்பது நூறு ஆண்டுகளாக நிலவியலாளர்களை வாதிட வைத்திருக்கும் கேள்வி. வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குரோமைட் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இரும்பு, குரோமியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம் குரோமைட். ஏட்டில் எழுதப்படும் வாய்பாட்டின்படி ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு குரோமியம், நான்கு ஆக்சிஜன். இயற்கையில் அவ்வளவு தூய்மையாகக் கிடைப்பதில்லை. இரும்பின் இடத்தில் மக்னீசியமும் குரோமியத்தின் இடத்தில் அலுமினியமும் வெவ்வேறு அளவில் புகுந்துகொள்கின்றன. இந்தக் கலப்பு விகிதம்தான் தாது பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சான்று என்பதால் அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

குரோமியத்தை 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வாக்லின் கண்டறிந்தார். அவர் பிரித்தெடுத்தது யூரல் மலைப்பகுதியில் கிடைத்த சிவப்பு ஈயத் தாதுவிலிருந்து. ஆனால் இன்று உலகம் பயன்படுத்தும் குரோமியத்துக்கு வணிக அளவிலான மூலம் குரோமைட் ஒன்றுதான். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற வேண்டுமானால் அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். சமையலறைப் பாத்திரம் முதல் அறுவை சிகிச்சைக் கருவி வரை இதில் அடங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி துருக்கிக் குரோமைட்டை நம்பியிருந்தது. நேச நாடுகளின் நெருக்குதலால் 1944 ஏப்ரலில் துருக்கி அந்த ஏற்றுமதியை நிறுத்தியது.

கவசப் பாறை கடலுக்கு அடியில் இருக்க வேண்டியதல்லவா? நிலத்துக்கு எப்படி வந்தது?

பெருங்கடல் தட்டும் கண்டத் தட்டும் மோதும்போது, கனமான கடல் தட்டு கீழே அமிழ்ந்துபோவதே வழக்கம். எப்போதாவது இது தலைகீழாகிறது. கண்டத்தின் விளிம்பு கடல் தட்டுக்கு அடியில் நுழைந்துவிட, கடல் தட்டின் ஒரு பெரிய சீவல் கண்டத்தின் மேல் ஏறி அமர்ந்துவிடுகிறது. அப்படி ஏறி அமர்ந்த பாறைத் தொகுதிக்கு ஓபியோலைட் என்று பெயர்.

ஓமானின் சமாயில் ஓபியோலைட் உலகிலேயே மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம். அதன் பாறைகள் சுமார் 9.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டெத்திஸ் என்ற பழங்காலப் பெருங்கடலின் தரையில் உருவானவை. உருவான சூட்டோடு சூடாகவே அரேபியத் தட்டை நோக்கி நகரத் தொடங்கிவிட்டன. மேலிருந்து கீழாக நடந்தால் ஒழுங்கான வரிசை தெரியும்: கடலடிப் படிவுகள், நீருக்குள் பீய்ச்சப்பட்டு உருண்டு உறைந்த தலையணை எரிமலைப் பாறைகள், செங்குத்தாக நெருங்கி நிற்கும் சுவர்ப் பாறைகள், ஆழத்தில் மெல்ல உறைந்த காப்ரோ எனும் பாறை, அதற்கும் கீழே கவசத்தைச் சேர்ந்த பெரிடோடைட். காப்ரோவுக்கும் பெரிடோடைட்டுக்கும் இடையிலான எல்லைதான் மோஹோ எனப்படும் மேலோட்டின் அடித்தளம். கடலில் பல கிலோமீட்டர் துளையிட்டாலும் எட்ட முடியாத அந்த எல்லையை ஓமானில் செருப்புக் காலோடு கடந்து போகலாம்.

சைப்ரஸின் ட்ரூடோஸ் மலையில் இந்த வரிசை கவிழ்ந்த கிண்ணமாக உயர்த்தப்பட்டிருப்பதால், 1,952 மீட்டர் உயர உச்சியில் மிக ஆழத்துப் பாறையும் மலையடிவாரத்தில் கடல்தரை எரிமலைப் பாறையும் இருக்கின்றன. அந்த உச்சியை ஒட்டித்தான் 1980களின் தொடக்கம் வரை குரோமைட் சுரங்கம் இயங்கியது.

பாறைக்குள் தாது எந்த வடிவத்தில் இருக்கிறது?

பொதி, வில்லை, குழாய், கிழிந்த பட்டை. ஒழுங்கான அடுக்காக இருப்பதில்லை. நிலவியலில் இதற்குப் பொதிவடிவப் படிவு என்ற பெயர் நிலைத்துவிட்டது. துருக்கியின் குலேமான் பகுதிச் சுரங்கங்களை வைத்து அமெரிக்க நிலவியலாளர் தாமஸ் தேயர் 1964இல் எழுதிய கட்டுரை இந்த வகையின் இயல்புகளைத் தெளிவாகத் தொகுத்தது.

பெரும்பாலான பொதிகள் சிறியவை. சில நூறு டன்னிலேயே முடிந்துபோவதும் உண்டு, சில லட்சம் டன் வரை போவதும் உண்டு. இதற்குப் பெரிய விதிவிலக்கு கஜகஸ்தானின் கெம்பிர்சாய். குரோம்தாவ் நகரை ஒட்டிய அந்தப் படிவுகள் உலகின் மிகப் பெரிய பொதிவடிவக் குரோமைட் வளம்.

வடிவத்தைவிட முக்கியம் பொதியைச் சுற்றி இருப்பது. தாதுவுக்கு அடுத்து ஏறக்குறைய எப்போதும் ஓர் உறை இருக்கும். அந்த உறை டியூனைட், அதாவது ஏறக்குறைய முழுவதும் ஆலிவின் கனிமத்தாலான பாறை. உறையைத் தாண்டினால்தான் ஹார்ஸ்பர்கைட் எனும் சாதாரணக் கவசப் பாறை, பெரிடோடைட்டின் ஒரு வகை, வரும். தடிமன் சில சென்டிமீட்டராகவும் இருக்கலாம், பல பத்து மீட்டராகவும் இருக்கலாம். உறை இல்லாத பொதி மிக அரிது. தாதுவின் பிறப்பை விளக்க வருகிற எந்தக் கருத்தும் இந்த உறையை விளக்கியாக வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் மிகக் கடுமையான சோதனை இதுதான்.

குரோமைட் கனமான கனிமம். பாறைக்குழம்பின் அடியில் மூழ்கிப் படிந்தது என்று சொன்னால் போதாதா?

நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் போன்ற இடங்களில் கண்டத்துக்குள் பிரம்மாண்டமான குழம்பு அறைகள் இருந்தன. அங்கே குரோமைட் அடுக்குகள் பல பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு விட்டுப்போகாமல் ஓடுகின்றன. அடியில் சேரும் படிகங்கள் என்ற படம் அந்த அடுக்குகளுக்கு ஓரளவு பொருந்தும்.

கவசத்துக்குள் அப்படி ஒரு அறை இல்லை. பொதிகள் பல, மோஹோவுக்குக் கீழே பெரிடோடைட்டின் நடுவில் இருக்கின்றன. சில, பாறையின் தளங்களை வெட்டிக்கொண்டு குறுக்கே நிற்கின்றன. மூழ்கிப் படிந்த அடுக்கு செங்குத்தாக நிற்காது. டியூனைட் உறைக்கும் ஹார்ஸ்பர்கைட்டுக்கும் இடையிலான எல்லையை உற்றுப் பார்த்தால், ஹார்ஸ்பர்கைட்டில் உள்ள ஆர்த்தோபைராக்சீன் எனும் கனிமத்தின் மணிகள் அந்த எல்லையில் அரிக்கப்பட்டு மறைவது தெரியும். யாரோ அவற்றைத் தின்றிருக்கிறார்கள். அந்த யாரோ, அந்த வழியே போன பாறைக்குழம்பு.

அப்படியானால் உண்மையில் என்ன நடந்தது?

கவசம் முழுவதும் உருகிய நிலையில் இருப்பதில்லை. அது திடப்பாறை. மேலெழும்போது அழுத்தம் குறைவதாலோ, அமிழும் தட்டிலிருந்து நீர் ஏறுவதாலோ அதில் ஒரு பகுதி மட்டும் உருகுகிறது. ஐந்தில் ஒரு பங்கு அளவு உருகி வெளியேறிய பிறகு மிஞ்சும் சக்கைதான் ஹார்ஸ்பர்கைட்: ஆலிவின், ஆர்த்தோபைராக்சீன், அங்கங்கே சில குரோமைட் மணிகள்.

ஆழத்தில் பிறந்த குழம்பு இந்தச் சக்கையின் ஊடாக மேலேறுகிறது. பிறந்த ஆழத்தில் அது ஆர்த்தோபைராக்சீனோடு சமநிலையில் இருந்தது. மேலே வர வர, குறைந்த அழுத்தத்தில், அந்தச் சமநிலை குலைகிறது. குழம்பு ஆர்த்தோபைராக்சீனைக் கரைத்துக்கொண்டு, பதிலுக்கு ஆலிவினைப் படிய விடுகிறது. கரைந்த இடம் டியூனைட்டாகிறது. டியூனைட்டில் குழம்பு எளிதாகக் கசிகிறது என்பதால் மேலும் குழம்பு அந்தப் பக்கமே திரும்புகிறது, மேலும் கரைக்கிறது, வழி அகலமாகிறது. கவசத்தின் ஊடாகக் குழம்பு மேலேறும் வாய்க்கால்கள் இவையே என்பதை 1995இல் பீட்டர் கெலமனும் உடன் ஆய்வாளர்களும் ஓமான் பாறைகளின் வேதியியலை வைத்து வலுவாக வாதிட்டார்கள்.

இந்த வினையில் குழம்புக்கு இரண்டு வரவு. ஒன்று சிலிக்கா, ஏனெனில் ஆர்த்தோபைராக்சீனில் ஆலிவினைவிடச் சிலிக்கா அதிகம். மற்றொன்று குரோமியம், ஏனெனில் கரையும் பைராக்சீனுக்குள் குரோமியம் சிறிதளவு பூட்டப்பட்டிருந்தது.

சாதாரணமாகக் குளிரும் குழம்பில் ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்தே படிகமாகும். விகிதம்தான் சிக்கல்: நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் குரோமைட், மீதியெல்லாம் ஆலிவின். அந்த வழியில் எத்தனை கோடி ஆண்டு குளிர்ந்தாலும் கரும்பொதி உருவாகாது. இடையில் எதுவோ ஆலிவினை நிறுத்திவிட்டு குரோமைட்டை மட்டும் படிய வைக்க வேண்டும்.

அந்த வழியைக் காட்டியவர் டி. என். இர்வின். கனடாவின் மஸ்காக்ஸ் ஊடுருவலை, அதாவது மேலோட்டுக்குள் புகுந்து உறைந்த குழம்புப் பாறையை, ஆராய்ந்த அவர் 1975இலும் 1977இலும் இரண்டு வாய்ப்புகளை முன்வைத்தார். ஆலிவினும் குரோமைட்டும் சேர்ந்து படியும் கலவைகளை வரைபடத்தில் குறித்தால், அவை ஒரு வளைந்த கோட்டில் அமைகின்றன. அந்தக் குழம்பில் சிலிக்கா கலந்தால், அது கோட்டைவிட்டு விலகி குரோமைட் மட்டும் படியும் பகுதிக்குள் போய்விடும். அதே கோட்டில் வெவ்வேறு இடத்தில் நிற்கும் இரண்டு குழம்புகள் கலந்தாலும் அப்படியே. வளைந்த கோட்டின் இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அது வளைவுக்கு உள்ளே விழும் அல்லவா, அதே வடிவியல்தான்.

இர்வின் நினைத்தது மேலோட்டுக் குழம்பு அறைகளை. ஜப்பானின் ஷோஜி அராய் 1994இல் இதைக் கவசத்துக்குக் கொண்டுவந்தார். ஆர்த்தோபைராக்சீனைத் தின்று சிலிக்கா ஏறிய குழம்பு ஒரு புறம், ஆழத்திலிருந்து புதிதாக வந்த குழம்பு மறுபுறம். வாய்க்காலில் இரண்டும் கலக்கும் இடத்தில் குரோமைட் மட்டும் கொட்டுகிறது. டியூனைட் உறை, அரிக்கப்பட்ட பைராக்சீன், உறைக்கு நடுவில் தாது ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்வால் விளக்குவதால், எனக்கு இன்றுவரை மிகவும் நம்பத்தக்கதாகத் தோன்றுவது இந்த விளக்கமே. இதன்படி குரோமைட் பொதி என்பது குழம்பு தேங்கிக் கிடந்த இடத்தின் வண்டல் அல்ல. குழம்பு ஓடிய பாதையின் தடம்.

குழம்பில் குரோமியம் மிகக் குறைவாம். அவ்வளவு தாது எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி, இந்தத் துறையின் மையக் கேள்வியும் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாதுவில் பாதி எடை குரோமியம் ஆக்சைடு என்று வையுங்கள். ஒரு டன் தாதுவுக்கு 500 கிலோ வேண்டும். கவசத்திலிருந்து புறப்படும் குழம்பில் குரோமியம் ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அதில் பாதியை அது விட்டுச் சென்றாலும், ஒரு டன் குழம்பு தருவது அரைக் கிலோ. ஆக ஒரு டன் தாதுவுக்கு ஆயிரம் டன் குழம்பு அந்த வழியே போயிருக்க வேண்டும். ஒரு லட்சம் டன் பொதிக்குப் பத்துக் கோடி டன்.

அவ்வளவு குழம்பு ஒரே நேரத்தில் அங்கே நின்றிருக்க முடியாது. பொதியைச் சுற்றிலும் அப்படி ஒரு பிரம்மாண்ட அறையின் அடையாளமும் இல்லை. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் மட்டுமே கணக்கு நேராகும். குழம்பு வருகிறது, குரோமைட்டைக் கொஞ்சம் விட்டுவிட்டு மேலே போய் எரிமலைப் பாறையாகிறது, அடுத்தது வருகிறது. 1982இல் லாகோ, ரபினோவிச், நிக்கோலா மூவரும் ஓடும் குழம்பின் இயக்கத்தைக் கணக்கிட்டு, வாய்க்கால் அகலமாகும் குழிவான இடங்களில் சுழலும் ஓட்டம் படிகங்களை நிறுத்தி வைக்க முடியும் என்று காட்டினார்கள். மேலே போய்விடும் குழம்பைத் தடுக்காமல் படிகத்தை மட்டும் பிடித்து வைக்கும் இடம் அது.

முடிச்சுத் தாது, சிறுத்தைத் தாது என்கிறார்களே?

பொதிவடிவப் படிவுகளுக்கே உரிய அழகு இது. புஷ்வெல்ட் போன்ற அடுக்குப் படிவுகளில் இதைத் தேடினாலும் காண்பது அரிது.

முடிச்சுத் தாதுவின் ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தால், பச்சையும் மஞ்சளும் கலந்த செர்பென்டைன் (நீரால் ஆலிவின் மாறி உருவான கனிமம்) பின்னணியில் சுண்டைக்காய் அளவில் கருப்பு உருண்டைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். சில உருண்டைகள் சற்றே நசுங்கி, எல்லாம் ஒரே திசையில் நீண்டிருக்கும். பாறை இன்னும் சூடாக இருந்தபோது இழுபட்டதற்கு அது அடையாளம். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையே வெளிர்ப்புள்ளிகள் மட்டும் மிஞ்சினால் அதைச் சிறுத்தைத் தாது என்கிறார்கள். ஆலிவின் மணியைச் சுற்றி வளையமாகக் குரோமைட் படிந்தது வளையத் தாது.

உருண்டை எப்படி உருண்டையானது? ட்ரூடோஸ் முடிச்சுகளை எக்ஸ்-கதிர் அடுக்குப் படமெடுத்து 2015இல் வெளியான ஆய்வு, பல முடிச்சுகளின் நடுவில் கிளை பிரிந்த எலும்புக்கூடு போன்ற படிகம் இருப்பதைக் காட்டியது. அப்படிப்பட்ட படிகம் அவசரமாக வளர்ந்தது. குழம்பில் குரோமைட் திடீரென மிகையாகிவிட்டபோதுதான் அந்த அவசரம் வரும். பிறகு அதன் மேல் மெதுவாக மணிகள் சேர்ந்து உருண்டையாக்கியிருக்கின்றன.

இன்னொரு விளக்கம் நீர் பற்றியது. மத்வேயேவும் பால்ஹவுஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், நீர் மிகுந்த குழம்பிலிருந்து நீர்மக் குமிழ்கள் பிரிந்தபோது குரோமைட் படிகங்கள் அந்தக் குமிழ்களுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆலிவினோ குழம்போடு தங்கிவிட்டது. எண்ணெயும் நீரும்போலப் பிரிந்து நின்ற இருவேறு திரவங்களும் தங்கள் விருப்பப்படி படிகங்களைப் பங்கிட்டுக்கொண்டன. இயற்கையிலும் இதற்கு ஆதரவு உண்டு: குரோமைட் மணிகளுக்குள் நுண்ணிய சிறைகளாக ஆம்பிபோல், ஃப்ளோகோபைட் போன்ற நீர் கொண்ட கனிமங்கள் அகப்பட்டிருக்கின்றன. குழம்பில் நீர் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு நீர்க்குமிழில்தான் பிறந்தது என்று சொல்வது, எலும்புக்கூடு மையங்களைக் கண்ட பிறகு, மிகையாகவே படுகிறது.

நடுக்கடல் மலைத்தொடரிலா, அமிழ்தல் மண்டலத்திலா? எங்கே உருவாகிறது?

இரண்டிலும் உருவாகலாம். பெரிய, குரோமியம் செறிந்த பொதிகள் பெரும்பாலும் அமிழ்தல் மண்டலத்தின் பிள்ளைகள்.

குரோமைட்டில் அலுமினியத்துக்கும் குரோமியத்துக்கும் உள்ள விகிதம் தாய்க் குழம்பைக் காட்டும். நடுக்கடல் மலைத்தொடரின் பசால்ட் குழம்பில் அலுமினியம் தாராளம். அதில் பிறக்கும் குரோமைட்டும் அலுமினியம் மிகுந்தது. ஏற்கெனவே ஒருமுறை உருகிச் சக்கையான கவசம், அமிழும் தட்டிலிருந்து வரும் நீரால் மறுபடி உருகும்போது போனினைட் என்ற வேறு குழம்பு கிடைக்கிறது. ஜப்பானுக்குத் தெற்கே உள்ள போனின் தீவுகளில் இது நன்கு அறியப்பட்டது. அதில் மக்னீசியமும் சிலிக்காவும் அதிகம், அலுமினியம் குறைவு. அதில் பிறக்கும் குரோமைட்டில் குரோமியம் செறிந்திருக்கும். புதிதாக ஓர் அமிழ்தல் தொடங்கும் காலத்தில் இந்தப் போனினைட் பெருக்கெடுக்கிறது. சமாயிலும் ட்ரூடோஸும் அத்தகைய தொடக்கக் காலத்தின் கடல்தரை என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கமே.

இன்றைய கடல்தரையிலும் குரோமைட் தொகுதி கிடைத்திருக்கிறது. 1992-93இல் கிழக்குப் பசிபிக்கின் ஹெஸ் ஆழத்தில் துளையிட்டபோது டியூனைட்டுக்குள் சிறிய குரோமைட் திரள் வந்தது. சென்டிமீட்டர் கணக்கில்தான். இயல்பான நடுக்கடல் மலைத்தொடரில் வினை நடக்கிறது, ஆனால் பெரும் பொதிக்குத் தேவையான நீரும் மறு உருகலும் இல்லை என்பதையே அது உணர்த்துகிறது.

ஒரே மலையில் இரண்டு வகைத் தாதும் இருக்க முடியுமா?

முடியும். பிலிப்பைன்ஸின் சம்பாலஸ் மலைத்தொடர் இதற்குச் சிறந்த சாட்சி. அங்கே கோட்டோ சுரங்கத்தின் குரோமைட் அலுமினியம் மிகுந்தது. உலைகளின் உள்சுவர் செங்கற்களுக்காக உலகெங்கும் போனது. அதே ஓபியோலைட்டின் அகோஹே பகுதித் தாதுவோ குரோமியம் செறிந்து உலோகத் தொழிலுக்கு ஏற்றது. ஒரே கடல்தரையில் வெவ்வேறு சூழலில் இரண்டு வெவ்வேறு குழம்புகள் ஓடியிருக்கின்றன. ஓமானிலும் இரண்டு வகையும் உண்டு: மோஹோவை ஒட்டியவை ஒருவிதம், ஆழத்தில் இருப்பவை இன்னொரு விதம். சுரங்க உரிமையாளருக்கு விலையைத் தீர்மானிக்கும் இதே வேறுபாடு ஆய்வாளருக்கு ஒரு பெருங்கடலின் வாழ்க்கை வரலாறு.

குரோமைட்டுக்குள் வைரம் இருப்பதாகச் சொல்வது உண்மையா?

திபெத்தில் பிரம்மபுத்திராவின் மேற்பகுதியை ஒட்டிய லுவோபுசா படிவில் வைரம் கிடைத்ததாகச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வட யூரலின் ராய்-இஸ் படிவிலும் அப்படியே. வைரம் பிறக்க 150 கிலோமீட்டர் அளவு ஆழம் வேண்டும், பொதிகள் பிறப்பதோ சுமார் பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில். அதனால் பெரும் விவாதம் எழுந்தது. ஆலையில் செய்த வைரத்தூள் கலந்துவிட்டது என்று ஒரு சாரார். குரோமைட் ஒருமுறை கவசத்தின் மிக ஆழத்துக்கு இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தது என்று மறு சாரார். தாதுவை நொறுக்கிப் பிரித்தெடுத்த தனி மணிகளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. குரோமைட் படிகத்துக்குள்ளேயே இழைகளாகப் பிரிந்து நிற்கும் கோயசைட், அதாவது உயரழுத்தச் சிலிக்கா, வேறு விதமான சான்று. அதை வெளியிலிருந்து வந்த தூசி என்று ஒதுக்க முடியாது.

உருவான பிறகு தாது அப்படியே இருக்கிறதா?

இல்லை. கவசப் பாறை சூட்டில் மெல்ல ஓடுகிறது, பொதியும் அதோடு இழுபட்டு மடிகிறது. குறுக்கே நின்ற பொதி காலப்போக்கில் சுற்றியுள்ள பாறையின் தளத்துக்கு இணையாகச் சாய்ந்துவிடுகிறது. நியூ கலிடோனியாவில் இந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் வெவ்வேறு பொதிகளில் காண முடிந்தது. குரோமைட் இறுகியது, ஆலிவின் நெகிழக்கூடியது. இழுக்கும்போது குரோமைட் நேர்க்கோடுகளாக வெடிக்க, வெடிப்பில் ஆலிவின் புகுந்து நிரப்புகிறது.

பின்பு நீர் வருகிறது. ஆலிவின் செர்பென்டைனாக மாறிப் பாறை வழவழப்பாகிறது. குரோமைட்டின் ஓரங்கள் இரும்பு ஏறிக் காந்தத் தன்மை பெறுகின்றன. வெளியேறும் குரோமியமும் அலுமினியமும் வெடிப்புகளில் செங்கருநீல நிறக் குளோரைட்டாகப் படிகின்றன. துருக்கியின் கோப் மலைப் படிகங்கள் இந்த நிறத்துக்காகவே சேகரிப்பாளர்களிடம் புகழ்பெற்றவை.

இந்த செர்பென்டைன் மாற்றத்தில் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது. அல்பேனியாவின் புல்கிசா குரோமைட் சுரங்கத்தின் ஆழத்தில் நீர்க்குட்டைகளில் குமிழியிடும் வாயுவில் 84 சதவீதம் ஹைட்ரஜன் என்றும், ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் வெளியேறுகிறது என்றும் 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. தூய எரிபொருள் தேடுபவர்களுக்கு அது நற்செய்தி. அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளிக்கு அது வெடிக்கும் ஆபத்து. அங்கே வெடிவிபத்துகள் நடந்துமிருக்கின்றன. காற்றோட்டத்தைப் பற்றிப் பேசாமல் எரிபொருளைப் பற்றி மட்டும் பேசுவது சரியல்ல.

பொதியை எப்படித் தேடுகிறார்கள்?

பெரும்பாலும் கால்நடையாக. ஓடைகளில் கரும்பாறைத் துண்டுகளைப் பின்தொடர்ந்து மேலேறுவது, டியூனைட் உறைகளை வரைபடத்தில் குறிப்பது, மோஹோவுக்குக் கீழே உள்ள பகுதியில் கவனம் வைப்பது. குரோமைட்டின் அடர்த்தி நீரைப்போல நான்கரை மடங்கு, சுற்றியுள்ள செர்பென்டைன் பாறை அதைவிட மிக லேசானது. ஆகவே புவியீர்ப்பு அளவீடு உதவும். கியூபாவின் கமாகுவேயில் 1950களில் இம்முறை கையாளப்பட்டது. ஒரு பொதி தீர்ந்ததும் பிளவில் நகர்ந்த அதன் மறுபாதியைத் தேடுவது சுரங்கத்தாருக்குப் பழகிய வேலை.

ஒடிசாவின் சுகிந்தா, தமிழ்நாட்டின் சித்தம்பூண்டி எல்லாம் இதே வகைதானா?

இல்லை. இந்தியாவின் குரோமைட் வளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒடிசாவில், முக்கியமாக ஜாஜ்பூர் மாவட்டத்தின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. அவை 300 கோடி ஆண்டுகளுக்கும் பழமையான, அடுக்காகப் படிந்த ஊடுருவல்கள். தாய்க் குழம்பின் வேதியியலில் போனினைட் சாயல் இருப்பதாக ஆய்வுகள் சொன்னாலும், கவசத்துக்குள் பிறந்த பொதிகளாக அவற்றைக் கொள்வதில்லை.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இன்னும் வேறானது. அங்கே வெளிர்நிற அனார்த்தோசைட் பாறைக்குள் குரோமைட் மெல்லிய அடுக்குகளாக இருக்கிறது. 1956இல் ஏ. பி. சுப்பிரமணியம் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அலுமினியமும் இரும்பும் மிகுந்து குரோமியம் குறைந்த தாது என்பதால் எஃகுத் தொழிலுக்கு ஏற்றதல்ல. ஆனால் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அந்த அனார்த்தோசைட்டைப் பொடித்துத்தான் சந்திரயானின் தரையிறங்கும் கலத்தைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ தயாரித்தது.

இந்தியாவில் ஓபியோலைட் குரோமைட்டே இல்லையா?

உண்டு. அந்தமானின் ரட்லாந்து தீவிலும் வடக்கு அந்தமானிலும் பெரிடோடைட்டுக்குள் சிறு பொதிகள் இருக்கின்றன. நாகாலாந்து, மணிப்பூர் மலைகளிலும், உக்ருல் பக்கம் குரோமைட் உண்டு. இந்தோ-மியான்மர் எல்லை வழியாக அந்தமான் வரை ஒரே கடல்தரையின் துண்டுகள் தொடராகக் கிடக்கின்றன. அளவு சிறியது. வணிகத்தில் சுகிந்தாவுக்குப் போட்டியில்லை. அறிவியலில் இவற்றின் மதிப்பு அதிகம், ஏனெனில் அந்தமான் தாதுவின் வேதியியல் அமிழ்தல் மண்டலக் குழம்பைத் தெளிவாகக் காட்டுகிறது. மேற்கு எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானில் பலுசிஸ்தானின் முஸ்லிம் பாக் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குரோமைட் வெட்டப்பட்டு வருகிறது. அதுவும் ஓபியோலைட்டே.

கையில் கிடைத்த கருங்கல் குரோமைட்டா என்று எப்படி அறிவது?

முதலில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனக்கும். பிறகு மெருகிடாத பீங்கான் ஓட்டின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேயுங்கள். குரோமைட் பழுப்புக் கோடு போடும், இரும்புத் தாதுவான மாக்னடைட் கருப்புக் கோடு போடும். காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். மாக்னடைட் பாய்ந்து ஒட்டும், குரோமைட் பெரும்பாலும் அசையாது. ஓரங்கள் மாற்றமடைந்திருந்தால் மட்டும் லேசாக இழுக்கும். மற்றோர் இரும்புத் தாதுவான ஹெமடைட்டும் கனமே, ஆனால் அதன் கோடு செந்நிறம். உடைந்த முகத்தில் ஊதாப் படலமோ, பச்சைச் செர்பென்டைன் நரம்போ இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எத்தனை சதவீதம் குரோமியம் என்பதை மட்டும் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.